பள்ளிக்கூடம் பார்க்காத டீச்சர்



 1924ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவில், ஹகோதாதே என்ற துறைமுக ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் தகாமினே ஹிதேகோ என்ற பெயரில் அந்த நாடே கொண்டாடிய நடிகை. அங்கே குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள். நாம் ஹிதேகோ என்றே அழைப்போம்.

ஜப்பான் நடிகைக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஜப்பானியர்களிடம் சினிமாவில் வந்த ஒரு நல்லாசிரியரைச் சொல்லச் சொன்னால், மூத்த தலைமுறையில் பலரும் இவர் நடித்த ஓயிஷி டீச்சரைத்தான் சொல்வார்கள். அந்த டீச்சராக நடித்தவர் ஒரு வருடம்கூட ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்த எனக்கு இந்தச் சேதி தெரிந்த நாள் முதல் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஹிதேகோவின் தாய் காசநோயில் இறந்துபோனார். அப்போது பிள்ளைக்கு நான்கைந்து வயதுதான். தகப்பனாரின் தங்கை ஷிகே, அதாவது நம் முறைப்படி அத்தை, அவளைத் தத்தெடுத்து டோக்கியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இந்த அத்தையைப் பற்றி ஒரு சுவையான தகவல். பேசாப் படக் காலத்தில் ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, கதையையும் எல்லாப் பாத்திரங்களின் பேச்சையும் தாமே குரல் மாற்றிச் சொல்வார். அவருக்குப் 'பென்ஷி' என்று பெயர். நம் ஊர்க் கதாகாலட்சேபமும் பொம்மலாட்டக்காரரின் பின்குரலும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். படத்தைவிடப் பென்ஷிக்காகவே கூட்டம் வந்த காலம் உண்டு. ஷிகேயும் சில காலம் அந்த வேலை செய்தவர். அப்போது அவர் வைத்துக்கொண்ட தொழில் பெயர்தான் தகாமினே ஹிதேகோ. அத்தையின் பழைய மேடைப் பெயரே மருமகளுக்குத் திரைப் பெயர் ஆயிற்று.

1929இல் டோக்கியோவின் கமாதா பகுதியில் இருந்த ஷோச்சிகு ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். அன்று அங்கே 'தாய்' என்ற படத்துக்குக் குழந்தை தேடிக்கொண்டிருந்தார்கள். வரிசையாகச் சிறுமிகள் நின்றார்கள். வளர்ப்புத் தந்தை இவளையும் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார். இயக்குநர் இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஐந்து வயதில் தொடங்கிய அந்த வேலை ஐம்பது வருடம் நீண்டது.

படம் நன்றாக ஓடியது. பிறகு ஓய்வே இல்லை. பெண் பிள்ளையாகவும் நடித்தாள்; முடியை ஒட்ட வெட்டி ஆண் பிள்ளையாகவும் நடிக்க வைத்தார்கள். 1931இல் ஓசு எடுத்த 'டோக்கியோ கோரஸ்' படத்தில் வேலை இழந்த ஒரு குமாஸ்தாவின் மகளாக வருகிறாள். ஏழு வயது. பெரியவர்களின் கவலை புரிந்தும் புரியாமலும் விழிக்கும் அந்த முகத்தை இன்றும் பார்க்கலாம்.

இதற்கு நடுவில் தொடக்கப் பள்ளியில் பெயர் சேர்த்தார்கள். பெயர்தான் சேர்ந்தது. பகலில் படப்பிடிப்பு, சில நாள் இரவிலும் படப்பிடிப்பு, இல்லையென்றால் வெளியூர். வகுப்பில் உட்கார்ந்த நாட்கள் மிகவும் சொற்பம். எழுத்தே கூடாத பிள்ளையாக அவள் வளர்ந்திருக்க வேண்டியது. அப்படி ஆகாமல் தடுத்தவர் ஒரு வகுப்பாசிரியர். இவள் வெளியூர்ப் படப்பிடிப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் ரயில் நிலையத்துக்கே வந்து, இரண்டு மூன்று சிறுவர் படப் புத்தகங்களைக் கையில் கொடுத்து அனுப்புவாராம். ரயிலிலும் விடுதியிலும் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து, படத்தையும் எழுத்தையும் பொருத்திப் பொருத்தி, ஹிதேகோ தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். அந்த ஆசிரியர் என்ன செய்திருக்கலாம்? நீண்ட நாள் வராத பிள்ளை என்று சிவப்பு மையில் குறித்துவிட்டுப் போயிருக்கலாம். நாங்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. சினிமாக்காரப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று நினைத்திருக்கலாம். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு உளவியல் முதல் கரும்பலகை எழுத்து வரை சொல்லிக்கொடுத்தார்கள். இதை எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை.

1934 மார்ச்சில் ஹகோதாதே நகரமே பெருந்தீயில் அழிந்தது. பிறந்த வீட்டாரும் நொடித்துப்போய் டோக்கியோவுக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தை குடும்பம், சொந்தக் குடும்பம், எல்லாருக்கும் இந்தப் பத்து வயதுப் பெண்ணின் சம்பளம்தான் சோறு. படிப்பை விடு, வேலைக்குப் போ என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

1937இல் வேறு கம்பெனிக்கு மாறினார். அதுவே தோஹோ என்ற பெரிய நிறுவனம் ஆயிற்று. பள்ளியில் சேர்ந்து படிக்க வசதி செய்து தர வேண்டும் என்பதும் அந்த மாற்றத்தின்போது நடந்த பேச்சில் இருந்தது. அப்படியே டோக்கியோவில் 'புங்கா காகுயின்' என்ற பள்ளியில் சேர்ந்தார். கலைகளுக்கு இடம் கொடுத்த, கெடுபிடி குறைந்த பள்ளி அது. ஆசையாகப் போனார். ஆனால் படப்பிடிப்பு விடவில்லை. மாதத்தில் சில நாட்கள்தான் போக முடிந்தது. கடைசியில் பள்ளியா ஸ்டூடியோவா, ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அத்தனை வாய்கள் காத்திருக்கும்போது ஒரு சிறுமி எதை முடிவு செய்ய முடியும்? பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில், 1938இல், அவர் நடித்துப் பெரும் பெயர் வாங்கிய படத்தின் பெயர் 'கட்டுரை வகுப்பு'. டோக்கியோவின் ஏழைப் பகுதியில் தகர வேலை செய்த ஒருவரின் மகள் மசாகோ தொயோதா. பள்ளியில் அந்தச் சிறுமி எழுதிய கட்டுரைகள் உண்மையிலேயே புத்தகமாக வந்து புகழ் பெற்றன. அதைத்தான் படமாக எடுத்தார்கள். கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுது என்கிறார் ஆசிரியர். அவளும் ஊரார் பேசிக்கொண்ட வம்பையெல்லாம் அப்படியே எழுதிவிடுகிறாள். அதில் ஒரு பெரிய மனிதரைக் கருமி என்று சொன்ன பேச்சும் வந்துவிடுகிறது. அச்சில் ஏறியதும் தகப்பனார் பிழைப்புக்கே ஆபத்து! (என் வகுப்பிலும் கட்டுரை நோட்டில் வீட்டுச் சண்டையை எழுதிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இந்தப் பதிவைப் படித்துக்கொண்டும் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.) கட்டுரை எழுதிப் பேர் வாங்கிய மாணவியாக, கட்டுரை வகுப்பில் உட்காரவே வாய்க்காத ஒரு பெண் நடித்தாள்.

1941இல் வந்தது 'குதிரை'. ஒரு கிராமத்துப் பெண் குட்டியிலிருந்து வளர்த்த குதிரையைக் கடைசியில் ராணுவம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. நான்கு பருவங்களும் வர வேண்டும் என்று நெடுங்காலம் எடுத்த படம். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அகிரா குரோசாவா அதில் உதவி இயக்குநர். படத்தின் பெரும் பகுதி அவர் உழைப்பு. அவருக்கும் ஹிதேகோவுக்கும் நடுவே அரும்பிய அன்பை வளர்ப்புத் தாய் கிள்ளி எறிந்துவிட்டார். ஹிதேகோவே பின்னாளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு வம்பில் ஆர்வம் இல்லை. வருமானம் தரும் பிள்ளையைக் கையைவிட்டுப் போகாமல் காத்துக்கொள்ளும் வீடுகள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன என்பதற்காகச் சொன்னேன்.

போர் வந்தது. அவர் புகைப்படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போர்முனைக்குப் போன சிப்பாய்கள் பலர். அவர்களுக்காக மேடையில் பாடினார். 1945இல் ஜப்பான் தோற்றது. அதே டோக்கியோவில் அமெரிக்கச் சிப்பாய்களுக்காகவும் பாட வேண்டி வந்தது. இருபத்தொரு வயதுப் பெண், நேற்று ஒரு படைக்கு, இன்று அதை வென்ற படைக்கு. இதையும் அவர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

போருக்குப் பிறகு தோஹோவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கத்திலிருந்து விலகிய நட்சத்திரங்கள் பத்துப் பேரில் இவரும் ஒருவர். அவர்களை வைத்துப் புது நிறுவனம் எழுந்தது. 1950இல் அதையும் விட்டு வெளியே வந்தார். இது சாதாரணக் காரியம் அல்ல. அந்தக் காலத்தில் ஜப்பான் நடிகர்கள் ஏதாவது ஒரு கம்பெனியின் மாதச் சம்பளக்காரர்கள். கம்பெனி சொன்ன படத்தில், சொன்ன வேடத்தில் நடிக்க வேண்டும். இவர் எவருக்கும் கட்டுப்படாமல், கதையையும் இயக்குநரையும் பார்த்துத் தானே படங்களைத் தேர்ந்தெடுத்தார்.

1951இல் கெய்சுகே கினோஷிதாவின் 'கார்மென் ஊர் திரும்புகிறாள்'. ஜப்பானின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. வண்ணம் சொதப்பிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, ஒவ்வொரு காட்சியையும் கறுப்பு வெள்ளையிலும் எடுத்தார்களாம். நடித்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். அந்தப் படம் முடிந்ததும் ஹிதேகோ ஒரு காரியம் செய்தார். எல்லாவற்றையும் போட்டுவிட்டு பாரிசுக்குப் போய் ஏறக்குறைய ஆறு மாதம் இருந்துவிட்டார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. இருபத்தேழு வயதில், விவரம் தெரிந்த நாள் முதல் முதன்முறையாக, கேமரா இல்லாமல் தெருவில் நடந்தார். அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

இப்போது ஓயிஷி டீச்சருக்கு வருகிறேன். 'இருபத்து நான்கு கண்கள்', 1954. ஷோதோஷிமா என்ற தீவில் பிறந்த சகாயே சுபோய் என்ற பெண் எழுத்தாளரின் நாவல். இயக்கம் கினோஷிதா. கதை 1928இல் தொடங்குகிறது. தீவின் ஒரு மூலையில் இருக்கும் கிளைப் பள்ளிக்கு இளம் ஆசிரியை வருகிறார். முதல் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். அந்த இருபத்து நான்கு கண்கள்தான் தலைப்பு. வீடு தூரம் என்பதால் சைக்கிளில் வருகிறார். சேலை கட்ட வேண்டிய இடத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு டீச்சர் வந்தால் அந்தக் கால நம் கிராமத்தில் என்ன பேசியிருப்பார்கள்? அதைத்தான் கிமோனோ அணியாமல் வந்த இவரைப் பற்றி அந்த ஊரும் பேசுகிறது.

பிள்ளைகள் விளையாட்டாகக் கடற்கரை மணலில் தோண்டிய பள்ளத்தில் விழுந்து டீச்சருக்குக் கால் முறிந்ததுபோல் ஆகிவிடுகிறது. வர முடியவில்லை. பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் கூட்டமாக, நடந்தே டீச்சர் வீட்டைத் தேடிப் போகிறார்கள். கால் வலித்துப் பாதி வழியில் அழுகை. டீச்சர் வயிறாரச் சாப்பாடு போட்டு, கடற்கரையில் எல்லோரோடும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார். அந்த ஒரு போட்டோதான் படம் முழுவதும் கூடவே வருகிறது.

பிறகு அவர்கள் வளர்கிறார்கள். மத்சுவே என்ற பெண்ணுக்கு, மூடியில் லில்லிப் பூ போட்ட டிபன் டப்பா வேண்டும் என்று ஆசை. தாய் பிரசவத்தில் இறந்துவிட, அவள் பள்ளியை விட்டு நிற்கிறாள். டீச்சர் அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளை திரும்ப வகுப்புக்கு வரவில்லை. சில காலம் கழித்துச் சுற்றுலா போன இடத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்காரியாக அவளைப் பார்க்கிறார். கடைக்காரி பக்கத்தில் நிற்கிறாள். இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. தோழிகள் ஏறிய கப்பல் போவதை மத்சுவே ஒளிந்து நின்று பார்த்து அழுகிறாள்.

இந்தக் காட்சியில் ஹிதேகோ அழுது ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை தட்டு ஏந்தி நிற்பதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அந்த முகம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த முகம். அவர் அந்த வலியை டீச்சர் பக்கத்திலிருந்து கற்றிருக்க முடியாது. பத்து வயதில் வீட்டுக்குச் சம்பாதித்த மத்சுவே அவரேதான்.

ராணுவ மோகம் நாட்டைப் பிடிக்கிறது. பையன்கள் சிப்பாயாகப் போகிறேன் என்கிறார்கள். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. சிவப்புச் சிந்தனை உள்ளவர் என்று சந்தேகப்படுகிறார்கள். சக ஆசிரியர் கைதாகிறார். தலைமையாசிரியர் நடுங்கிப்போய், வகுப்பில் பயன்பட்ட ஒரு சிறு புத்தகத்தை எரிக்கிறார். டீச்சர் வேலையை விட்டுவிடுகிறார். போரில் கணவர் போனார். பசியில் பழம் பறிக்க மரமேறிய சின்ன மகள் விழுந்து போனாள். போர் முடிந்து அதே பள்ளிக்கு மீண்டும் வருகிறார். பழைய மாணவர்களில் மிஞ்சியவர்கள் அவருக்கு விருந்து வைத்து, ஒரு சைக்கிள் பரிசளிக்கிறார்கள். போரில் கண் இழந்த ஒருவன் அந்தப் பழைய போட்டோவைக் கையில் வாங்கி, விரலால் தடவித் தடவி, இது இன்னார், இது இன்னார் என்று சொல்கிறான்.

படத்தில் இன்னொரு நேர்த்தி. பிள்ளைகள் வளர்ந்தது நம்பும்படி இருக்க வேண்டும் என்று கினோஷிதா சாயல் ஒத்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஜோடிகளைத் தேடிப் பிடித்தார். சின்ன வகுப்பில் தம்பி, பெரிய வகுப்பில் அண்ணன். அதனால் முகம் மாறாமல் வயது மட்டும் கூடுகிறது. நாங்கள் பதினைந்து வருடம் கழித்து உங்களைக் கல்யாண வீட்டில் பார்க்கிறோமே, அதே உணர்வு.

அந்த ஆண்டு 'கினேமா ஜுன்போ' என்ற பெயர்பெற்ற திரைப்பட இதழின் வரிசையில் இதற்கு முதல் இடம். குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' மூன்றாவது! அமெரிக்காவின் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது.

1955இல் மிகியோ நருசே இயக்கிய 'மிதக்கும் மேகங்கள்' வந்தது. போருக்குப் பின் சிதைந்த டோக்கியோவில், தகுதியில்லாத ஒருவனை விட்டுவிட முடியாமல் பின்னாலேயே போகும் பெண்ணாக நடித்தார். அந்த வேடம் தனக்கு வராது என்று நிரூபிக்க, வசனத்தைத் தானே படித்து டேப்பில் பதிவு செய்து அனுப்பினாராம். அவர்கள் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்கள்! நருசேவோடு மட்டும் 17 படங்கள். 1960இல் வந்த 'ஒரு பெண் மாடிப்படி ஏறும்போது' படத்தில் ஆடை வடிவமைப்பும் அவரே.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். 1955இல் அவர் திருமணம் செய்துகொண்டது கினோஷிதாவிடம் உதவியாளராக இருந்த சென்சோ மத்சுயாமாவை. பெரும் நட்சத்திரம் ஒரு ஏழை உதவியாளரைக் கட்டிக்கொண்டது அன்றைய பத்திரிகைகளுக்குப் பெரிய தீனி. முப்பத்தோரு வயது மனைவிக்கு அகராதியில் எப்படிச் சொல் தேடுவது என்று கணவர் கற்றுக்கொடுத்தார். வெட்கப்படாமல் கற்றுக்கொண்டார். பின்னர் கணவருக்கு உடல்நலம் குன்றி, உட்கார்ந்து எழுத முடியாமல் போனபோது அவர் வாயால் சொல்லச் சொல்லத் திரைக்கதைகளை எழுதிக்கொடுத்தது யார் தெரியுமா? அகராதி பார்க்கத் தெரியாமல் வந்த அதே மனைவிதான்.

1961இல் மத்சுயாமா தன் முதல் படத்தை இயக்கினார். காது கேளாத, வாய் பேசாத கணவன் மனைவியின் கதை. ஹிதேகோ அதற்காகச் சைகை மொழி கற்றார். கைகளால் பேசி நடித்த அந்தப் படம் ஜப்பானில் பலரையும் காது கேளாதோர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

1964இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. அதை இயக்குநர் கோன் இச்சிகாவா படமாக எடுத்தார். மறு வருடம் படத்தைப் பார்த்த அமைச்சர் கோனோ, இது கலையா பதிவா என்றே புரியவில்லை என்று குறை சொன்னார். பெரிய மனிதர்கள் வாய்மூடி இருந்தார்கள். ஹிதேகோ பத்திரிகையில் அமைச்சரை மறுத்து எழுதினார். எழுதியதோடு நிற்காமல் நேரில் போய் அமைச்சரைப் பார்த்தும் பேசினார். பள்ளி முடிக்காதவர் என்பதால் பேசப் பயந்தவர் அல்ல.

1973இல், மறதி நோய் வந்த மாமனாரைப் பராமரிக்கும் மருமகளாக ஒரு படம். என் வயதுக்காரர்கள் பார்த்தால் நெஞ்சு கனக்கும். 1979இல் நடிப்பை நிறுத்திக்கொண்டார்.

அதற்கு முன்பே வேறொரு தொழில் தொடங்கிவிட்டது. வார இதழில் தொடராக எழுதிய தன் வரலாறு 1976இல் நூலாக வந்தது. 'என் பிழைப்பின் நாட்குறிப்பு' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கலைப் பயணம் என்றெல்லாம் அலங்காரம் கிடையாது, பிழைப்பு. வளர்ப்புத் தாயின் பிடியையும், தான் சம்பாதிக்கும் இயந்திரமாக இருந்ததையும், படிக்க முடியாத ஏக்கத்தையும் புலம்பாமல், கொஞ்சம் கிண்டலோடு எழுதினார். அந்த ஆண்டுக்கான ஜப்பான் கட்டுரையாளர் சங்க விருது அந்த நூலுக்குக் கிடைத்தது. ஆமாம், கட்டுரைக்கு! அதற்குப் பிறகு பயணம், சமையல், பழைய பொருட்கள், மனிதர்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 2010 டிசம்பர் 28 அன்று, 86ஆம் வயதில் காலமானார்.

ஷோதோஷிமா தீவின் அந்தக் கிளைப் பள்ளிக் கட்டடத்தை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மர பெஞ்சுகளோடு அப்படியே இருக்கிறது. 1987இல் இதே கதையை மறுபடி எடுத்தபோது போட்ட பள்ளிக்கூட செட்டும் அங்கே தனியாக ஒரு சினிமா கிராமமாக இருக்கிறது. ஜப்பானில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், அந்தப் பழைய பள்ளியின் வகுப்பறையைப் படம் பிடித்து அனுப்புங்கள்.

படம் பார்க்க நினைப்பவர்களுக்கு: 'இருபத்து நான்கு கண்கள்' இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். கறுப்பு வெள்ளை. ஆங்கில எழுத்துகளோடு கிடைக்கிறது. முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் போகும், பிள்ளைகள் பாடிக்கொண்டே இருப்பார்கள். எழுந்துவிடாதீர்கள்.